உண்கலமும் ஊர்க்காவலும்: பண்டைக் கல்வியூர்களின் ஆட்சிமுறை

ஓர் ஊரில் கல்வி நிலையம் ஒன்று அமையுமாயின் அவ்வூரின் இயல்பு மாறிவிடுகின்றது. பல ஊர்களிலிருந்தும் இளைஞர் வந்து தங்குவர். அவர்க்கு அவ்வூரில் நிலமில்லை, மனையில்லை, உறவினரும் இலர். உழுதொழிலோ வாணிகமோ அவர்பால் இல்லை. ஊரார் விளைவித்த நெல்லை உண்டு, ஊரார் அறியாத நூல்களை ஓதி, சில ஆண்டுகள் கழிந்தபின் அவர் நீங்குவர். அவரிடத்திற்கு வேறு சிலர் வருவர். இங்ஙனம் வேரூன்றாத இளைஞர் கூட்டமொன்று ஊரின் நடுவே என்றும் இருக்குமானால், அவர்க்குள் பூசல் விளையாமலும், அவரால் ஊரார்க்கும் ஊராரால் அவர்க்கும் இடையூறு நேராமலும் காக்கும் பொறுப்பு எவரைச் சார்ந்தது? ஊர்ச்சபையையா, அரசனையா, கல்வி நிலையத்தையா? இவ்வினா இக்காலத்திற்கே உரியதன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழகத்தில் எழுந்து, விடையும் பெற்ற வினா இஃது.

பண்டைச் சாலைகளையும் கல்லூரிகளையும் பற்றி எழுதினோர் பெரும்பாலும் அவற்றில் ஓதப்பெற்ற நூல்களையும் மாணவர் தொகையையும் எடுத்துரைத்து அமைந்தனர். அந்நிலையங்கள் இருந்த ஊர்களின் ஆட்சியையும் பாதுகாப்பையும் பற்றி அவ்வாவணங்கள் கூறுவனவற்றை ஒருங்கு வைத்து நோக்கினார் சிலரே. ஈண்டு பார்த்திவசேகரபுரம், எண்ணாயிரம், திரிபுவனை, திருமுக்கூடல் என்னும் நான்கு ஊர்களின் சான்றுகளைக் கொண்டு அப்பொருளை ஆராய்வோம். கல்வியூரின் அமைதி காவலர் கைக்கோலினும் மாணவர் உண்கலத்தையே மிகுதியும் சார்ந்திருந்தது என்பதே இவ்வாராய்ச்சியால் பெறப்படும் முடிபு.

பார்த்திவசேகரபுரம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அணித்தாக உள்ளது பார்த்திவபுரம் என்னும் சிற்றூர். ஆய்வேந்தனாகிய கோக்கருநந்தடக்கன் கி. பி. 866-இல் இங்கே திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, தொண்ணூற்றைந்து மாணவர்க்கு ஒரு சாலையும் நிறுவினான். இச்செய்தியைத் தரும் செப்பேடு திருவனந்தபுரத்து ஹஜூர்க் கச்சேரியில் இருந்தமையால் அப்பெயராலும் வழங்கும். இதனைத் திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையில் து. அ. கோபிநாத ராவ் பதிப்பித்தார். ஆண்டினைக் கலியுக நாட்கணக்கால் குறிப்பிடுதலின், இதன் காலத்தைப் பற்றி ஐயமின்மை இவ்வாவணத்தின் தனிச்சிறப்பு.

அரசன் முதற்கண் செய்த செயல் கருதத்தக்கது. சாலையும் கோயிலும் எடுத்தற்கு அவன் தேர்ந்த நிலம் முஞ்சிறைச் சபையார்க்கு உரியது. அதனை அவன் தன் ஆணையால் பற்றிக்கொள்ளவில்லை. வேறு நிலத்தை ஈடாக அளித்தே பெற்றுக்கொண்டான். கல்வியைக் காரணமாகக் காட்டி ஊராரின் உடைமையைக் கொண்டிருப்பின் சாலைக்கும் சபைக்கும் இடையே முதல்நாளிலேயே வழக்கொன்று தோன்றியிருக்கும். புதிதாக வருவோர்க்கும் முன்னரே வாழ்வோர்க்கும் இடையே நில வழக்கு இன்மையே ஊரமைதியின் முதற்படி என்பதை அவ்வேந்தன் உணர்ந்திருந்தான் எனக் கொள்ளல் பொருந்தும்.

அடுத்து, தொண்ணூற்றைந்து இடங்களும் வகுக்கப்பட்ட முறையை நோக்குவோம். பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14 என அவை பிரிக்கப்பட்டன. இவ்விடங்களைக் குறிக்க ஆவணம் வழங்கும் சொல் ‘கலம்’ என்பதாகும். உண்ணும் கலமொன்று ஒரு மாணவனின் இடத்தைக் குறித்தது. சாலையில் இடம் பெறுதலாவது அதன் பந்தியில் ஒரு கலத்திற்கு உரிமை பெறுதலே. இச்சொல்லாட்சி பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

பிரிவுகட்குரிய எண்ணிக்கையை முன்னரே வரையறுத்தமையும் பாதுகாப்புக் கருதிய செயலே. எந்தச் சரணத்தார்க்கு எத்தனை இடம் என்பது ஆண்டுதோறும் வழக்கிற்கு உரியதாயின், வழக்கு கட்சியாகவும் கட்சி கைகலப்பாகவும் முடியும். செப்பேட்டில் வெட்டிய எண் அவ்வழக்கிற்கு இடந்தரவில்லை.

சட்டரும் படைக்கலமும்

சாலையில் உண்டு பயின்றோர் ‘சட்டர்’ எனப்பட்டனர். மாணவனைக் குறிக்கும் ‘சாத்திரன்’ என்னும் வடசொல்லின் திரிபு இஃது என்பர். இவர் இலக்கணத்திலும் புரோகிதத்திலும் வல்லராதலோடு, மூவேந்தர் நாட்டு வழக்குகளையும் அறிந்திருத்தல் வேண்டும் என ஆவணம் எதிர்பார்க்கின்றது. எனவே இவர் ஏடு மட்டும் கற்ற இளஞ்சிறாரல்லர். அரசியலிலும் ஊராட்சியிலும் புகுதற்குரிய பயிற்சியுடையோர்.

இவர் படைக்கலம் பயின்றோர் என்பதற்கும் சான்றுண்டு. கி. பி. 779-இல் உத்தியோதன சூரி என்னும் சமண முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய குவலயமாலை என்னும் நூலில், விசயபுரி என்னும் நகரத்து மடமொன்று வருணிக்கப்படுகின்றது. பல நாடுகளிலிருந்தும் வந்த சட்டர் அங்கே வில்லும் வாளும் மற்போரும் பயில்கின்றனர். மற்றொருபால் இலக்கணமும் தத்துவமும் விரித்துரைக்கப்படுகின்றன. அம்மாணவர் தம்முள் பேசும் பேச்சோ உணவையும் மகளிரையும் பற்றியது, நாகரிகமற்றது. கதை நூலாயினும், மடத்து மாணவரைப் பற்றி அக்காலத்தார்க்கு இருந்த கருத்து இதனால் விளங்குகின்றது. பார்த்திவசேகரபுரச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது இந்நூல்.

இப்பின்னணியிற் செப்பேட்டின் விதிகளை வைத்து நோக்கினால் அவற்றின் நோக்கம் இனிது புலனாகும். சட்டர் ஒருவரையொருவர் இழித்துப் பேசுதல் குற்றம், அடித்தல் குற்றம், கூட்டத்திற்குப் படைக்கலம் கொண்டு செல்லுதல் குற்றம், சூதாடுதல் குற்றம். குற்றத்திற்கேற்பப் பொன் தண்டமாக விதிக்கப்பட்டது. தண்டம் விதிக்கப்பெற்றவன் அதனைச் செலுத்தும்வரை சாலையில் உண்ணுதல் கூடாது.

இவ்விதிகளில் இரண்டு செய்திகள் ஊன்றி நோக்குதற்குரியன. முதலாவது, படைக்கலம் முற்றிலும் விலக்கப்படவில்லை. கூட்டத்திற்குக் கொண்டு வருதலே விலக்கப்பட்டது. சட்டர்பால் ஆயுதம் உண்டு என்பதை விதி ஒப்புக்கொள்கின்றது. சொல்லால் முடிவு செய்யவேண்டிய இடத்தில் அது புகலாகாது என்று மட்டும் வரையறுக்கின்றது. நடைமுறைக்கு ஒவ்வாத தடையை விதித்து, அதனை எவரும் பொருட்படுத்தாமல் விடுதலினும், இன்றியமையாத ஓரிடத்தை வரையறுத்துக் காத்தல் நன்று என்னும் ஆட்சியறிவு இதில் உள்ளது. இரண்டாவது, இழிசொல்லும் தண்டத்திற்குரிய குற்றமாகின்றது. பூசலின் தொடக்கம் சொல்லில் உள்ளது என்பதறிந்து, கை ஓங்குமுன் நாவினைத் தடுக்க முயன்றது அச்சட்டம்.

காந்தளூர் மரியாதி

பார்த்திவசேகரபுரச் சாலை ‘காந்தளூர் மரியாதி’யால் அமைக்கப்பட்டது எனச் செப்பேடு கூறும். மரியாதி என்பது ஈண்டு ஒழுங்கு, வரம்பு என்னும் பொருளது. திருவனந்தபுரத்து வலியசாலையோடு ஒன்றெனக் கருதப்பெறும் காந்தளூரில் முன்னரே ஒரு சாலை இருந்தது என்பதும், அதன் விதிகள் பிறர் மேற்கொள்ளத்தக்க அளவிற்குப் பெயர் பெற்றிருந்தன என்பதும் இதனால் பெறப்படும்.

ஓர் ஊரின் விதியைப் பெயர் சுட்டி மற்றோர் ஊர் மேற்கொள்ளும் இம்முறை அந்நாளில் மேற்குக் கடற்கரையில் பரவியிருந்தது. சேரநாட்டுக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் காணப்பெறும் ‘மூழிக்களக் கச்சம்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மூழிக்களத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம் பல கோயிலூர்களால் தமக்கும் உரியதென ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிலத்தை உழுதுண்ணும் காராளர்க்கு ஊராளர் இடையூறு செய்தலைத் தடுப்பது அதன் கூறுகளுள் ஒன்று. விதிகளை ஒவ்வோர் ஆவணத்திலும் விரித்தெழுதாமல் பெயரளவிற் சுட்டினும் போதியதாயிற்று. ஏனெனில் அப்பெயரைக் கேட்ட அளவில் அதன் உள்ளடக்கம் யாவர்க்கும் விளங்கியது. யாவரும் அறிந்த விதிக்கே இங்ஙனம் பெயரளவில் ஆணையாகும் ஆற்றல் உண்டு.

சபையும் அதன் வரம்பும்

சாலையின் ஒழுங்கு சட்டரைக் காத்தது. ஊரின் ஒழுங்கினைக் காத்தது சபை. அச்சபையே ஒழுங்கற்றதாயின் என் செய்வது? இவ்வினாவினையும் முன்னோர் எண்ணாமல் விடவில்லை. திருநெல்வேலிப் பகுதியில் உள்ள மானூர்க் கல்வெட்டு கி. பி. 800-ஐ ஒட்டியது. சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொன்றிற்கும் ‘அன்று, அன்று’ என மறுத்துக் காரியத்தைக் கெடுப்போர்க்கும் அவர்க்குத் துணை நிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கின்றது. மாற்றுக் கருத்துரைத்தல் குற்றமாகாது. எல்லாவற்றையும் தடுத்தலே தொழிலாகக் கொள்ளுதல் குற்றமாயிற்று.

உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் கி. பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையால் பெரிதும் அறியப்பட்டவை. முப்பது குடும்புகளிலிருந்தும் வாரியப் பெருமக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முப்பத்தைந்து அகவைக்குக் குறைந்தோரும் எழுபதிற்கு மேற்பட்டோரும் விலக்கப்பட்டனர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும், துணிந்து தீங்கு செய்யும் சாகசியரும் குடவோலைக்கு உரியரல்லர். தீயோர் ஒழிந்து நல்லோர் வாழ்தலே இவ்வேற்பாட்டின் பயன் என அக்கல்வெட்டே கூறுதலின், கணக்குக் காட்டுதலும் ஊர்ப் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என அச்சபையார் கருதினமை தெளிவு.

கல்வி நிலையத்திற்கும் இத்தகைய வாரியங்கட்கும் உள்ள உறவினைத் திரிபுவனைக் கல்வெட்டு காட்டுகின்றது. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள இவ்வூரில் முதலாம் இராசாதிராசன் காலத்தில், கி. பி. 1048-இல், 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று 72 வேலி நிலத்தின் வருவாயால் நடந்தது. அங்கே ஓதுவிப்போரும் ஓதுவோரும் ஊர்வாரியப் பணிகளினின்று விலக்குப் பெற்றனர்.

இவ்விலக்கினை ஒரு சலுகை என்று மட்டும் கருதுதல் போதாது. வாரியப்பணி உழைப்பையும் காலத்தையும் வேண்டுவது, கல்விக்கு இடையூறாவது. இஃது ஒருபுறம். மறுபுறம், அவ்விலக்கால் ஊரின் ஏரியும் பொன்னும் தோட்டமும் கல்லூரியின் கையில் வாராமல் நின்றன. ஆசிரியரும் மாணவருமாக 272 பேர் ஒன்றுபட்டு ஊர்வாரியத்தில் புகுந்திருப்பின், ஏனைய ஊரார் குரல் அடங்கியிருத்தல் கூடும். கல்லூரியார் ஊரை ஆளவில்லை. ஊரார் பாடத்தை ஆளவில்லை. இருசாரார்க்கும் இடையே வரம்பு நின்றது. விலக்கினை அளித்தோர் இவ்விளைவினையும் எண்ணினரோ என்பது வேறு வினா. விளைவு யாதென்பதே ஈண்டு நாம் கொள்ளற்பாலது.

உணவும் மருந்தும்

விதியை மீறினால் உணவு நிற்கும் என்பது பார்த்திவசேகரபுரத்துத் தண்டனை. அத்தண்டனைக்குப் பொருள் உண்டாதல் வேண்டுமாயின் உணவு நாள்தோறும் தவறாது கிடைத்தல் வேண்டும். இடையிடையே நின்றுபோகும் உணவை நிறுத்துவதாக அச்சுறுத்துதல் எவனையும் திருத்தாது. ஆகவே கல்வியூரின் அமைதி, களஞ்சியத்தின் கணக்கினைச் சார்ந்தது.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம், சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று அங்கே இருந்த கல்லூரியைப் பற்றி விரிவாகக் கூறுகின்றது. இளமாணவர் 270, மேல்வகுப்பு மாணவர் 70, ஆசிரியர் 14. இளமாணவர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்வகுப்பினர்க்கு ஒரு குறுணி இரு நாழி. இதற்கென 45 வேலி நிலம் விடப்பட்டது.

இக்கணக்கினை விரித்துப் பார்த்தல் நலம். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். இளமாணவர்க்கு நாள்தோறும் 1,620 நாழியும் மேல்வகுப்பினர்க்கு 700 நாழியும் ஆக 2,320 நாழி நெல் வேண்டும். இது 24 கலம் 2 குறுணி. ஆண்டிற்கு 360 நாளெனக் கொள்ளின் மாணவர் உணவிற்கு மட்டும் 8,700 கலம் ஆகும். ஆசிரியர் ஊதியம் இதனின் வேறு. ஓர் ஊர்ச்சபை இத்துணை நெல்லையும் ஆண்டு முழுதும் முட்டின்றி அளப்பதாயின், ஏரியும் மதகும் வாய்க்காலும் செப்பமாக இருத்தல் வேண்டும். ஏரி உடைந்தால் பாடம் நிற்கும். பாடம் நிற்பின் பசித்த 340 இளைஞர் தெருவில் நிற்பர். ஏரிவாரியமும் கல்லூரியும் இங்ஙனம் ஒரு சங்கிலியின் இரு கண்ணிகள்.

பொதுநலப் பாதுகாப்பு என்பது பூசலைத் தடுத்தலோடு முடிவதன்று. நோயைத் தடுத்தலும் அதன்பாற்படும். பலர் ஒருங்கு உறையும் இடத்தில் ஒருவர் நோய் அனைவரையும் பற்றும். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், கி. பி. 1067-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோயிலைச் சார்ந்து கல்லூரியும் மாணவர் விடுதியும் மருத்துவசாலையும் ஒருங்கு நடந்தன. வீரசோழன் எனப் பெயர் பெற்ற அம்மருத்துவசாலையில் பதினைந்து நோயாளர் படுத்தற்கு இடமிருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டனர். மருந்துகளின் பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டன. மாணவர்க்குச் சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய் அளிக்கப்பட்டது. எண்ணெய்க்கும் மருந்திற்கும் முன்னரே நிலமும் நெல்லும் ஒதுக்கிய ஊர், தன்பால் வந்து தங்கிய இளைஞர்க்கு உறவினர் இல்லாத குறையைப் போக்கக் கடமைப்பட்டதாகத் தன்னைக் கருதியது எனலாம்.

செய்தி பரவிய வகை

இவ்விதிகளும் ஏற்பாடுகளும் ஊரார்க்கு எட்டிய வகை யாது? சபை கூடுதற்குமுன் பறையறைந்தோ காளம் ஊதியோ அறிவித்தல் வழக்கம். பெருங்குறி மகாசபை கோயில் மண்டபத்திலோ மரநிழலிலோ கூடியது. அரசன் அலுவலர் உடனிருந்த கூட்டங்களும் உண்டு. முடிவு எழுத்தில் அமைந்தபின் கோயிற் சுவரில் வெட்டப்பட்டது.

சுவரில் வெட்டுதலைப் பதிவு என்று மட்டும் கருதுவோர் அதன் மற்றொரு பயனை மறந்துவிடுகின்றனர். கோயிற்சுவர் ஊரின் செய்திப்பலகையும் ஆகும். எத்துணை நிலம், எத்துணை நெல், எத்துணை மாணவர், எவ்வளவு தண்டம் என்பன கல்லில் நின்றமையால், களஞ்சியக் கணக்கன் நெல்லைக் குறைத்து அளப்பின் படிக்கத் தெரிந்த எவனும் சுவரைச் சுட்டிக் கேட்கலாம். எழுத்தறிந்த 340 பேர் வாழும் ஊரில் சுவரிலுள்ள எழுத்து உறங்குவதில்லை. கல்வியூரில் ஆட்சிச் செய்திக்குக் காவலர் மாணவரே.

ஆயினும் ஒன்றை ஈண்டு மறைத்தல் கூடாது. இக்கல்லூரிகளில் உண்டும் ஓதியும் பயன்பெற்றோர் வேதம் ஓதும் ஒரு வகுப்பினரே. நாற்பத்தைந்து வேலியையும் எழுபத்திரண்டு வேலியையும் உழுது விளைவித்தோரின் மக்கட்கு அப்பந்தியில் கலமில்லை, அச்சபையில் ஓலையில்லை. சுவரில் எழுதப்பட்டது அவர்தம் உழைப்பின் கணக்கு. அதனைப் படிக்கும் வாய்ப்பு அவர்க்கு அளிக்கப்படவில்லை. பண்டைக் கல்வியூரின் ஒழுங்கினைப் போற்றுவார் இக்குறையையும் உடன்கூறுதல் கடன்.

காவல் விலையாகிய காலம்

ஒழுங்கு தளர்ந்த ஊர்களின் நிலையை ஒப்பிட்டு நோக்கினால் மேற்கூறிய ஏற்பாடுகளின் அருமை விளங்கும். சோழர் பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் ஊர்க்காவலையும் அதற்குரிய இறையையும் குறிக்கின்றது. பேரரசுகள் தளர்ந்த பின்னர், புதுக்கோட்டைப் பகுதியில் பல ஊரார் தம் ஊரின் பாடிகாவல் உரிமையை அரையர் எனப்பட்ட படைத்தலைவர்க்கு விற்றனர் அல்லது ஒப்படைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை இத்தகைய ஆவணங்கள் பல உள்ளன. கள்வர்க்கும் படையெடுப்பிற்கும் அஞ்சி வலியோரை நாடிய ஊரார், காவற்கூலியாக விளைவின் பகுதியை ஆண்டுதோறும் அளந்தனர். நாளடைவில் காவலரே அவ்வூர்கட்குத் தலைவராயினர்.

இரு முறைகட்கும் உள்ள வேறுபாடு இதுவே. பார்த்திவசேகரபுரத்தில் ஆயுதமேந்திய இளைஞர் ஊரின் உணவினை உண்டு ஊர் வகுத்த விதிக்கு அடங்கினர். பிற்காலப் புதுக்கோட்டை ஊர்களிலோ ஆயுதமேந்தியோர் விதியை வகுக்க, ஊர் அடங்கியது. நெல் இரண்டிடத்தும் அளக்கப்பட்டது. அஃது எந்த நிபந்தனையோடு அளக்கப்பட்டது என்பதே ஊராட்சியின் உயிர்நிலை.

கலமறுத்தல்

இனி, ‘கலம்’ என்னும் சொல்லிற்கு மீள்வோம். முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியில் அவன் காந்தளூர்ச்சாலையில் கலமறுத்தான் என்னும் செய்தி அவன் நான்காம் ஆட்சியாண்டு முதற்கொண்டே காணப்படுகின்றது. முதலாம் இராசாதிராசனும் முதற் குலோத்துங்கனும் அச்செயலைச் செய்தனர் எனவும் கல்வெட்டுகள் கூறும். இத்தொடரின் பொருள் பற்றி அறிஞரிடையே நெடுநாள் வழக்குண்டு. கலம் என்பது மரக்கலம் எனக் கொண்டு, சேரனின் கப்பற்படை அழிக்கப்பட்டது என்றார் நீலகண்ட சாஸ்திரியார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். எம். ஜி. எஸ். நாராயணன் 1970-இல் அச்சாலையின் இயல்பைச் சட்டர் பயிற்சியோடு இயைத்து விரிவாக ஆராய்ந்தார்.

உண்கலம், மரக்கலம், படைக்கலம், அணிகலம், நெல்லளக்கும் கலம் எனப் பல பொருள் குறித்த இச்சொல்லை ஓரிடத்து ஒரு பொருளிற் கொள்ளுதற்கு அவ்விடத்து வழக்கே துணையாகும். காந்தளூர் மரியாதியைப் பின்பற்றிய சாலையின் செப்பேடு, இராசராசனுக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு முற்பட்டது. அதில் கலம் என்பது மாணவனின் உண்கலத்தையும் அதன்வழி அவன் இடத்தையும் குறித்தது. ஆதலின், காந்தளூர்ச்சாலையில் கலமறுத்தலாவது சட்டர்தம் உண்கலத்தை நிறுத்தி அச்சாலையின் ஆற்றலை ஒடுக்குதல் எனக் கொள்ளுதற்கு இடமுண்டு. ஒரே செயலைப் பல மன்னர் மீண்டும் மீண்டும் செய்தனர் என்பது கப்பலை அழித்தலினும் இப்பொருட்கே மிகப் பொருந்துகின்றது. நிறுத்திய பந்தி மீண்டும் தொடங்கற்பாலது. எனினும் புதிய சான்று கிடைக்கும்வரை இதனை முடிந்த முடிபாகக் கூறத் துணிகிலேம். ஒன்று மட்டும் உறுதி: எப்பொருள் கொள்ளினும், தண்டம் செலுத்தாதவன் உண்ணலாகாது என்னும் கி. பி. 866-ஆம் ஆண்டின் விதி தானே தனித்து நிற்கும் சான்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பண்டைக் கல்வியூரின் பாதுகாப்பு ஐந்து தூண்களின்மேல் நின்றது எனலாம். நிலவழக்கின்றி நிலையம் தொடங்குதல் ஒன்று. யாவரும் அறிந்த, அளவான தண்டம் ஒன்று. முட்டாத உணவும் மருந்தும் ஒன்று. ஊராட்சிக்கும் கல்வி நிலையத்திற்கும் இடையே வரம்பு ஒன்று. முடிவுகளை அனைவரும் காணப் பொறித்தல் ஒன்று.

இவை பழங்கதை என ஒதுக்குதற்குரியன அல்ல. தமிழகத்தில் 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்டார். அதன்பின் 1997-இல் பகடிவதைத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு இந்தியா முழுமைக்கும் விதிமுறைகளை வகுத்தது. உதவித்தொகையை நிறுத்துதலும் விடுதியினின்று நீக்குதலும் அவ்விதிமுறைகள் கூறும் தண்டனைகளுள் அடங்கும். உண்கலத்தை நிறுத்திய பண்டை விதிக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. வேறுபாடும் உண்டு. இழிசொல்லைத் தண்டத்திற்குரிய குற்றமாக்கிய விதி பார்த்திவசேகரபுரத்தில் சாலை தோன்றிய நாளிலேயே தோன்றியது. நம் காலத்துச் சட்டமோ ஓர் உயிர் போனபின் தோன்றியது.

கல்வி நிலையம் தொடங்குவோர் கட்டடத்தின் அளவையும் பாடங்களின் தொகையையும் முதற்கண் எண்ணுகின்றனர். ஆய்வேந்தன் எண்ணியவை வேறு. நிலம் எவருடையது, கலம் எத்தனை, சினம் மூண்டால் செய்வது யாது என்பனவற்றிற்கு விடை கண்ட பின்னரே அவன் சாலையின் கதவைத் திறந்தான். இன்றைய பேரூராட்சிகளும் நகராட்சிகளும் தம் எல்லைக்குள் கல்லூரி ஒன்று அமையும்போது அம்மூன்று வினாக்களையும் அம்முறையிலேயே கேட்டல் தகும்.